கம்பி வலைக்கு எண்ணெய்

கலியாணசுந்தரம் என்னை அறைந்தது மலாக்காவில், காஜா பெராங் டாக்சி ஸ்டாண்டில், பட்டப்பகலில், பதினேழு பேர் பார்க்க. எண்ணினேன். அடி வாங்கியவனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. பதினேழு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். மூன்று டாக்சி வைத்திருக்கும் முதலாளியை யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்த மூன்று மோரிஸ் கார்களையும் வாங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டவன் நான். ஜப்பான்காரன் போனதும் அவரிடம் சேர்ந்து பதினோரு வருஷம். மெக்கானிக் நடராஜன் தொட்ட கார் நடுவழியில் நிற்காது என்று மலாக்காவில் பெயர். அந்தப் பெயர்தான் எனக்குச் சொத்து. வேறு சொத்து கிடையாது.

மோரிஸ் எஞ்சினின் மேல் ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த கம்பி வலை. எஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்றோடு வரும் தூசியைப் பிடிப்பது அதுதான். வெறும் கம்பி எதையும் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூசி ஒட்டும். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, எஞ்சின் ஆயிலில் முக்கி, நன்றாக வடியவிட்டு மாட்ட வேண்டும். வடியவிடாமல் மாட்டினால் எஞ்சின் அந்த எண்ணெயைக் குடித்துக் கறுப்புப் புகை கக்கும். எண்ணெயே இல்லாமல் மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. கார் முன்னைவிட ஜோராகவே ஓடும். உள்ளே புகுந்த செம்மண் மட்டும் எஞ்சினை அரைத்துக்கொண்டே இருக்கும். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்துச் சாலைகளில் ஓடும் காருக்கு எஞ்சின் சாக நாலைந்து மாதம் போதும்.

சிங்கப்பூரில் காகித வடிகட்டி வந்துவிட்டது, அழுக்கானால் வீசிவிட்டு வேறு மாட்டலாம் என்று ஸ்டாண்டில் பேச்சு எழும். முதலாளி சிரிப்பார்.

“கம்பி வல ஆயுசுக்கும் வரும்லா. கடுதாசிக்கு எவன் காசு குடுப்பான்?”

எனக்கும் அதே கட்சிதான். கழுவுகிற கை ஒழுங்காக இருக்கிறவரை கம்பி வலைதான் லாபம் என்பேன். அந்தக் கை என்னுடையது என்ற திமிர் எனக்கு இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷ ஆயுத பூஜைக்கு மூன்று கார்களையும் கழுவி, வலைகளுக்கு எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து, கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த கார் கிளேபாங் ரோட்டில் இருமி நின்றுபோனது. முகூர்த்தம் தவறியது. டப்பாவைத் திறந்தால் கோயில் வாசம். வலை முழுக்க நல்லெண்ணெய், எஞ்சின் சூட்டில் வெல்லப்பாகு போல இறுகிக் கிடந்தது.

“எஞ்சின் ஆயில வித்துத் தின்னுட்டு நல்லெண்ணய ஊத்தி வச்சிருக்கான் திருட்டுப் பய!” என்று கத்திக்கொண்டே அறைந்தார். நான் ஊற்றவில்லை என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஊற்றியது யார் என்று எனக்கும் தெரியாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மறுநாளே ‘நல்லெண்ணெய் நடராஜன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோப்பிக்கடையில் நுழைந்தால் சிரிப்பு. ஒருவனும் காரைக் கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டேன். என் மனைவி ருக்மணி ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மசாலாக் கடைக்கு மிளகாய் கிள்ளப் போனாள். ராத்திரி கை எரிகிறது என்று தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கலியாணசுந்தரம் நாசமாய்ப் போக வேண்டும் என்று மனதாரச் சபித்தேன். கடவுளிடம் விட்டுவிடு என்றார்கள் சிலர். கடவுளுக்கு வேறு வேலை இருக்கும், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு தொடக்கத்தில் அந்த வாய்ப்பு தானாகக் கொட்டகைக்கு வந்தது. டிரைவர் பொன்னுதுரை ஓட்டிவர, பின்சீட்டில் முதலாளி. பின்னால் கறுப்புப் புகை.

“மூணு பட்டறைக்குப் போயாச்சு நடராஜண்ணே,” என்றான் பொன்னுதுரை. “ஸ்பார்க் பிளக்க மாத்தி மாத்திக் குடுக்குறானுங்க. ரெண்டு நாள்ல மறுபடியும் பொக. மாசக் கடசியில மெர்டேகா, நாட்டுக்கே சுதந்திரம். ஏகப்பட்ட சவாரி இருக்கு.”

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. “செய்ய முடியுமா, முடியாதா?” என்றார்.

புகையை முகர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பிறகு வந்தவன் வலையை ஆயிலில் முக்கி, வடியவிடாமல் சொட்டச் சொட்ட மாட்டியிருக்கிறான். “முடியும் மொதலாளி,” என்றேன்.

வலையை மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். பளபளவென்று வெள்ளியாக மின்னியது. ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றாமல் மாட்டினேன். கார் குதிரையாகப் பறந்தது.

அதன்பிறகு அந்தக் கார் செம்மண் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு வாயில் சர்க்கரை போட்டது போல இருக்கும். குடி, நன்றாகக் குடி என்பேன்.

ஆனால் நான் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. அந்த மனிதர் ஸ்டாண்டில் நின்று, “மலாக்காவுல மெக்கானிக்குன்னா நடராஜன் ஒருத்தன்தான்,” என்று சொல்லிவிட்டார். மூன்றே வாரத்தில் கொட்டகையில் ஐந்து கார். ருக்மணி மிளகாய்க்குப் போவதை நிறுத்தினாள். கோப்பிக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். போன பெயர் திரும்பி வந்துவிட்டது, அதுவும் பறித்தவர் வாயாலேயே.

வலையை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அவர் ஏமாந்துதானே அடித்தார், திருட்டு என்று நம்பித்தானே அடித்தார் என்று யோசித்தேன். மூன்று வாரத் தூசியில் எஞ்சின் செத்துவிடாது. இப்போது எண்ணெய் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மெர்டேகாவுக்கு முதல் நாள் காலையில் அவரே காரோடு வந்தார். முன்னால் புதுக்கொடி கட்டியிருந்தது. கையில் ஒரு பொட்டலம் ஜிலேபி.

“ஒருக்க வலயப் பாத்துடுறேன் மொதலாளி,” என்று பானெட்டைத் தூக்கினேன். டப்பாவைத் திறந்து வலையை வெளியே எடுத்தேன். மறுகையில் ஆயில் டின்.

அவர் மட்காட்டில் சாய்ந்துகொண்டு ஜிலேபியைப் பிய்த்தார்.

“நடராஜா, மனசுல ஒன்னு கெடந்து அரிக்குது. அன்னிக்கி நல்லெண்ண ஊத்துனது நம்ம மருமவன் தேவதாசுதான். கறுப்பு ஆயிலு பூசைக்கு ஆவாது, ஓடுற காடியும் சாமிதானேன்னு, பழச வழிச்சிட்டு வெளக்குக்கு வாங்குன எண்ணய ஊத்திட்டான். நல்ல எண்ணத்துலதான் செஞ்சான், பாவம்.”

“இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“அன்னிக்கே தெரியும்லா. நான் ஸ்டாண்டுக்கு வரதுக்கு முந்தியே அழுதுகிட்டு சொல்லிட்டான்.” சிரித்தார். “என்னா பண்ண? அவனுக்கும் எம் பொண்ணுக்கும் அப்பக் கல்யாணமாகி மூணே மாசம். காடில வந்த பொண்ணோட ஊட்டுக்காரங்க முகூர்த்தம் போச்சேன்னு கத்துறாங்க. மாப்பிள்ளய விட்டுக்குடுக்க முடியுமா? நீ நம்ம ஆளு, தாங்கிக்குவேன்னு நெனச்சேன்.”

தெரிந்தே அடித்திருக்கிறார். தெரிந்தே திருடன் என்று கத்தியிருக்கிறார். பத்து மாதம் ருக்மணியின் கை எரிந்ததும் அவருக்குத் தெரிந்தேதான்.

ஆயில் டின்னைக் கீழே வைத்தேன். வலையை எண்ணெய் தொடாமல் அப்படியே உள்ளே வைத்து மூடித் திருகினேன்.

“எண்ண போடலியா?” என்றார்.

“வேணாம் மொதலாளி. ரொம்பச் சுத்தமா இருக்கு.”

“அப்ப மத்த ரெண்டு காடியயும் மெர்டேகா முடிஞ்சதும் அனுப்புறேன். அதுங்களுக்கும் இதே மாதிரி செஞ்சி குடுத்துடு.”

“அனுப்புங்க மொதலாளி,” என்றேன். அவர் நீட்டிய ஜிலேபியை வாங்கி அவர் எதிரிலேயே தின்றேன்.