நின்ற வண்டியின் விளக்கு

பனி மேல் வழக்குப் போட முடியாது. வக்கீல் இதை முதல் நாளே சொல்லிவிட்டார். "மழை, காத்து, மூடுபனி, இதுங்களையெல்லாம் கூண்டுல ஏத்த முடியாதும்மா. பனியில யார் எப்படி ஓட்டினாங்க, யார் எங்க நிறுத்தினாங்க, அவ்வளவுதான் கேப்பாங்க" என்றார். அவள் தலையாட்டினாள். புருஷன் போன துக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

நடந்தது இதுதான். விடியற்காலை, நெடுஞ்சாலையில் கண்ணை மறைக்கும் மூடுபனி. முன்னால் போன ஒரு லாரிக்காரர், இதற்கு மேல் ஓட்டுவது வம்பு என்று வண்டியை ஓரங்கட்டினார். ஓரம் எது, ரோடு எது என்று தெரிந்தால்தானே? வண்டியின் பின்பாதி ரோட்டிலேயே நின்றது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று விளக்குகளை எரியவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் பனியில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னே போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். பின்னால் லாரி ஓட்டி வந்த அவள் புருஷனும் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அதன் பின்னாலேயே போனார். அது நிற்கிற வண்டி.

ரோட்டை மறித்து நிறுத்தியவர் மேல்தான் முழுத் தப்பு என்பது அவள் வக்கீலின் வாதம். கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் வந்தது யார் தப்பு என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி. அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத்தான் யாரும் விடவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ்காரர் சொல்லியிருந்தார். "நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் பேசிட்டுத்தாம்மா இருந்தாரு. அந்த லாரிக்காரர் கையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாரு." ஆனால் போலீஸில் அதே லாரிக்காரர் கொடுத்த வாக்குமூலத்தில், 'அவர் ஒன்றும் பேசவில்லை' என்று இருந்தது.

அவள் புருஷன் பேச்சில் மகா கஞ்சர். வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு 'ம்'. "எங்கண்ணன் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய லாரியில விட்டுட்டு வந்திடுவான் அண்ணி" என்று நாத்தனார் கேலி செய்வாள். அப்படிப்பட்ட மனுஷன் முன்பின் தெரியாத ஒருவரிடம் கடைசியாக ஏதோ பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டும். வேறு யாருக்கு அது வேண்டியிருக்கப் போகிறது?

ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் அவளுக்குச் சட்டைக்குக் காஜா எடுக்கும் வேலை. முன்பட்டியை மெஷினில் வைத்துக் காலை அழுத்தினால் நூல் சுற்றிக்கொண்டு ஓடும், கத்தி இறங்கும், பட்டன் நுழைய ஓட்டை தயார். கை அதன் பாட்டுக்கு வேலை செய்ய, மனசு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று போய்விடும். தன் பெயரைச் சொன்னாரா? தண்ணீர் கேட்டாரா? வலிக்கிறது என்றாரா? ஒரு நாள் முதுகுத்துணியில் வரிசையாகக் காஜா எடுத்து வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் தூக்கிப் பார்த்துவிட்டு, "முதுகுல பட்டன் போடற சட்டைய எந்தப் புள்ளம்மா போட்டுக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"நான் அவர்கிட்டப் போய்க் கேட்டுடறேனே" என்று வக்கீலிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"கதையே கெட்டுது! கேஸ் முடியற வரைக்கும் எதிர்த்தரப்போட ஒரு வார்த்தை வெச்சுக்கக் கூடாது. உயிர் போற நேரத்துல சொன்ன பேச்சுக்குக் கோர்ட்டுல தனி மதிப்பும்மா. 'தப்பு என்னுது'ன்னு உங்க வீட்டுக்காரர் வாய்விட்டிருந்தா? அந்தாளே ஒண்ணும் பேசலைங்கறான். நமக்கு நல்லதாப் போச்சுன்னு இருங்க, தோண்டாதீங்க."

வாய்தா மேல் வாய்தா விழுந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அந்த லாரிக்காரர். முழங்கால் இரண்டும் முட்டிக்கொள்ள, தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை பிடித்த கை அவள் புருஷனுடையது. அவளுக்குக் கூடக் கடைசியாகப் பிடிக்கக் கிடைக்காத கை. இரண்டு வக்கீல்களும் கேன்டீனில் ஒரே மேஜையில் டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பேசக்கூடாது என்ற சட்டமெல்லாம் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு நாள் லாரிக்காரர் கூண்டேறினார். விளக்கு எரிந்ததா, வண்டி எவ்வளவு தூரம் ரோட்டில் நின்றது என்று வக்கீல்கள் மாற்றி மாற்றிக் குடைந்தார்கள். முடிந்தது, இறங்கலாம் என்றார் நீதிபதி. லாரிக்காரர் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். இன்றைக்கு விட்டால் இந்த மனுஷன் எந்த ஊர் ரோட்டிலோ போய்விடுவார். அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் அவரை ஒண்ணு கேக்கணும்."

அவள் வக்கீல் பாய்ந்து வந்தார். "உக்காருங்கம்மா!" எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "கேக்கட்டுமே" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "கேளும்மா."

"அண்ணே, அவர் உங்ககிட்ட என்ன பேசினாரு?"

லாரிக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தங்கச்சி" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"சொன்னா உனக்குத்தான் பாதகமாப் போகும். அதுக்காகத்தான் போலீஸ்ல ஒண்ணும் பேசலைன்னேன்."

"பரவால்ல. சொல்லுங்க."

கோர்ட்டே அவரைப் பார்த்தது. "'நீங்க போயிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேண்ணே, அதான் உங்க லைட்டப் புடிச்சு வந்தேன்'னாரு" என்றார்.

தட்டச்சுக்காரர் அதை வார்த்தை விடாமல் அடித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் புருஷன் வந்தார் என்று ஆகிவிட்டது; முழுத் தப்பு நின்றவர் மேல் என்ற வாதம் அந்த ஒரு வரியில் பொடிப்பொடியாகிவிட்டது.

"வேற ஏதாவது சொன்னாரா?" என்றார் நீதிபதி.

"சொன்னாருங்க. ஆனா கேஸுக்குச் சம்பந்தமில்லாதது."

"அப்ப வேணாம். இறங்குங்க."

தாழ்வாரத்தில் அவள் வக்கீல் படபடவென்று பொரிந்தார். "கையில இருந்ததப் போட்டு உடைச்சீங்களேம்மா! இனிமே பாதித் தப்பு உங்க வீட்டுக்காரர் தலையில" என்று சொல்லிவிட்டுக் கோட்டை உதறிக்கொண்டு போனார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பெஞ்சில் அந்தக் கோடிக்கே போய் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேஸுக்குச் சம்பந்தமில்லாதத சொல்லுங்கண்ணே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'பனி விலகிடுச்சாண்ணே'ன்னு கேட்டாரும்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விலகிடுச்சு, ரோடு பளிச்சுன்னு இருக்குன்னேன். பொய்தான். நான் நின்ன எடத்துல என் காலே எனக்குத் தெரியல."

"அதுக்கு அவரு?"

"'அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்'னாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பேசல."

"வீட்டுக்குன்னா சொன்னாரு?"

"வீட்டுக்குன்னுதாம்மா சொன்னாரு."

தாழ்வாரத்தில் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்றாள். "அவர் சொன்ன மாதிரியே."