ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழ்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நிர்வாக இயக்குநர் சுந்தரராமன், அபிராமபுரத்தில் தம் வீட்டுக் கதவுக்கு வெளியே, காலில் செருப்பில்லாமல், சரிகை வேட்டியும் விபூதியுமாக நின்று, கதவில் பதித்திருந்த பூட்டின் எண் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். பூட்டு எங்கள் கம்பெனி தயாரிப்பு. வழக்கமாக ஒரு பொத்தானை அழுத்தினால் சிட்டுக்குருவி மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அன்று வாயைத் திறக்கவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இறங்கிய பட்டறைக்காரர் அன்வர் பாஷா இதையெல்லாம் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பெரிய சார் வெளிய மாட்டிக்கினாரு" என்று என் காதில் சொன்னார்.

"மாட்டிக்கவெல்லாம் இல்லை" என்றார் சுந்தரராமன். அவருக்குக் காது கூர்மை. "இது ஒரு டெஸ்ட்."

உள்ளே சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. டெஸ்ட் நடத்திக்கொண்டிருந்தவர் துள்ளி விழுந்தார்.

விஷயம் இதுதான். பதினொன்றரை மணிக்கு ஜவஹர் வருவதாக இருந்தது. மந்தைவெளியில் நாற்பத்தெட்டு ஃபிளாட் கட்டிக்கொண்டிருப்பவர். நாற்பத்தெட்டு வாசலிலும் எங்கள் பூட்டைப் போடலாமா என்று, எம்.டி.யின் சொந்தக் கதவிலேயே பார்த்து முடிவு செய்ய வருகிறார். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் அன்வர் பாஷாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சரி என்றால் பூட்டு பிழைக்கும். இல்லையென்றால் அதைப் பரணில் போட்டுவிட்டு, தேனாம்பேட்டை ஆபீஸில் நாங்கள் எப்போதும் செய்துவந்த ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசருக்கே திரும்புவதாக போர்டு கூட்டத்தில் எழுதி வைத்தாயிற்று. நானும் ஸ்டெபிலைசர் டப்பாவுக்கு ஓட்டை போடத் திரும்ப வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் அதைப் போட்டிருக்கிறேன். அந்த ஓட்டைகளில் இனி எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஜவஹரை வரவேற்று, கதவைச் சாத்தி, எண்ணை அழுத்தித் திறந்து காட்டுவதை ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம் என்று சுந்தரராமன் வெளியே வந்திருக்கிறார். சாத்தினார். சாத்திக்கொண்டது. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமி, அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்கோ" என்று இவரிடம் சொல்லிவிட்டுத் தெருமுனைக்குக் கொத்தமல்லி வாங்கப் போயிருந்தார். நாங்கள் கேட்டது நாலாவது விசில்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு மூளை இருந்தது, அதை பெங்களூரில் செய்தார்கள். முகம் இருந்தது, அதை வெளிநாட்டு கேட்டலாக்கைப் பார்த்து எம்.டி.யே தேர்ந்தெடுத்தார். வயிறு மட்டும் என்னுடையது. நான்கு பென்சில் செல் உட்காரும் டப்பா. பேட்டரி வைக்கிற டப்பாவையா பதினான்கு மாதமாக வரைகிறீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். பெட்டி சார் என்று பெயரும் வைத்தார்கள். செல் ஆடக்கூடாது, நெருக்கவும் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தால் கதவை அறைந்து சாத்தும்போது தொடர்பு விட்டுப்போகும், இறுகினால் செல்லை எடுக்க நகம் பெயரும். எல்லாவற்றுக்கும் மேலாக மூடி. மூக்குப்பொடி டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மூடித் திறந்து கேட்டு, கடைசியில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் 'டக்' என்று கையோடு வந்துவிடுகிற மூடி ஒன்றைப் பிடித்தேன். அதற்கான அச்சை ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் அன்வர் பாஷா அரத்தால் பதினோரு தடவை ராவினார். பன்னிரண்டாவது தடவை ராவச் சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை.

மூடிக்கு நாலு ஸ்க்ரூ வேண்டும், அதுதான் பார்க்க கௌரவமாக இருக்கும் என்று எம்.டி. சொன்னார். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டேன். யோசித்துவிட்டு அதை மட்டும் விட்டுக்கொடுத்தார். மற்றவற்றை விடவில்லை. பூட்டு ஒல்லியாக இருக்க வேண்டும் என்றார். அதனால் செல்களுக்கு உள்ளே இடமில்லாமல் போய், என் டப்பா கதவின் நிலைச்சட்டத்தில், ஜன்னல் பக்கமாகத் தனிக்குடித்தனம் போயிற்று. ஆபத்துக்கு ஒரு சாவித்துவாரம் வைக்கலாம் என்றேன். "ஓட்டை இருந்தா அது பூட்டு. இல்லேன்னாதான் எலெக்ட்ரானிக்ஸ்" என்றார். இதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் சொன்னார், அதனால் போர்டில் கை தட்டினார்கள்.

"சாவி ஓட்டை இருந்தா ரெண்டு நிமிசத்துல தொறந்துருப்பேன், சார்" என்றார் இப்போது அன்வர் பாஷா. "ஓட்டையே இல்லாம ஒரு பூட்டு. இன்னா பண்றது, கதவுக்கு சலாம் போட்டு நிக்க வேண்டிதான்."

ஐந்தாவது விசில்.

கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்கு உள்ளே எட்டிப் பார்த்தால், நிலைச்சட்டத்தில் என் டப்பா, மூடி பளபளக்க இருந்தது. கதவின் குமிழ் அதற்கும் ஒரு முழம் அப்பால். உருண்டைக் குமிழ், பிடித்துத் திருக வேண்டும். அன்வர் பாஷா ஒரு குடையை விட்டுத் தட்டிப் பார்த்தார். குமிழ் மெருகு கலையாமல் இருந்தது. செல்தான் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, புதிய செல் கைவசம் இருக்கிறதா என்று எம்.டி.யிடம் கேட்டேன்.

"நேத்திக்குத்தான் புதுசு போட்டேன். நானே, என் கையால" என்றார்.

என் கை முழங்கை வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போக, நான் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் முயன்றிருக்க வேண்டும். அன்வர் பாஷாவின் கை, அச்சு ராவி ராவி என்னுடையதைவிடத் தடித்திருந்தது. எம்.டி. தம் கையை முயலவில்லை. ஆறாவது விசிலோடு மாமி கேட்டுக்குள் நுழைந்தார்.

"ஏன்னா, மூணு விசில்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே போனேன்?"

"இது ஒரு டெஸ்ட், ஜெயா."

"பருப்புக்கா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மாமி ஜன்னலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கொத்தமல்லிக் கட்டைக் கணவரின் இடது கையில் கொடுத்தார். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவருடைய வலது கையில் வைத்தார். ஒடிசலான கை, சிரமமே இல்லாமல் கம்பிக்குள் போயிற்று.

"கட்டைவிரலால மூடியை மேலே தள்ளுங்கோ மாமி" என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. பதினான்கு மாதத்தில் என்னைத் தவிர வேறு யாரும் ஒற்றைக் கையால், அதுவும் பார்க்காமல், அதைத் திறந்ததில்லை.

'டக்.'

"மூடி கீழ விழுந்துடுத்து."

"விழட்டும். உடையாது. செல் அழுத்தமா உக்காந்திருக்கா, தடவிப் பாருங்கோ."

மாமி கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அந்தச் சமயத்தில் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைச் சட்டை போட்ட, சிமென்ட் நிறத் தலைமுடிக்காரர். ஜவஹர். ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக வந்திருந்தார். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, வளையலும் கொத்தமல்லியும் ஏந்தி நின்ற எங்கள் எம்.டி.யையும், ஜன்னலோடு ஒட்டி நின்ற மாமியையும் பார்த்தார்.

"இன்னாங்க இது? வீட்டுக்காரங்க வெளிய, கை மட்டும் உள்ள?"

"வாங்கோ வாங்கோ. எமர்ஜென்சி ப்ரொசீஜர்" என்றார் சுந்தரராமன். "எல்லாக் கம்பெனியும் இதைக் காட்ட மாட்டா."

ஏழாவது விசில் வந்து அடங்கியது. மாமி கண்ணைத் திறந்தார்.

"நாலும் தலை மேல பாத்துண்டு நிக்கறது."

"நாலுமா?" என்றேன். நாலு செல்லும் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக நிற்க வேண்டும். நாலும் ஒரே பக்கம் பார்த்தால், இரண்டு கொடுப்பதை மற்ற இரண்டும் தின்றுவிடும். மிச்சம் பூஜ்யம். "எப்படி மாமி? ப்ளஸ், மைனஸ் குறியெல்லாம் அச்சிலேயே எடுப்பா கொடுத்திருக்கேனே!"

"எங்க?"

"ஒவ்வொரு குழியிலயும், அடியில."

"குழியில செல்லை வெச்சப்புறம் குறி எப்படித் தெரியும்?"

பதினான்கு மாதம், பதினோரு ராவல், அன்வர் பாஷா உட்பட ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை. அன்வர் பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டு குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

எம்.டி. பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மரத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்: "குறி தெரியாம இல்லை. ஒரு எக்ஸ்பர்ட் ஒபினியன் வாங்கினேன். தலைவாசல்ல மைனஸ் தலைதூக்கக் கூடாதுன்னு."

"யாரு, அந்த ப்ரீஃப்கேஸ் மாமாவா? நேத்திக்கு ரெண்டு தரம் காபி குடிச்சுட்டு, கிணத்தை ரெண்டு அடி தள்ளி வெக்கச் சொன்னாரே, அவரா?"

"வாஸ்துங்கறது ஒரு சயன்ஸ், ஜெயா."

"உங்களுக்கும் வந்துட்டாரா?" என்றார் ஜவஹர், இதுவரை இல்லாத நெருக்கத்தோடு. "நம்ம சைட்டுல மூணு சமையல்கட்டை ஒடச்சு மாத்தியாச்சுங்க. நாலாவதுக்குக் கயிறு கட்டி அளந்துக்கினு இருக்காரு."

எட்டாவது விசில் வருமுன் முடிக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் இருக்கட்டும், இரண்டாவதை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் நாலாவதை எடுங்கள், இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஒன்று கை நழுவிவிடும் என்று ஆரம்பித்தேன். "ஸ்பிரிங்ல தட்டைப் பக்கம் உக்காரணும், அவ்வளவுதானே? டார்ச் லைட்டுக்கு செல் போடத் தெரியாதா நேக்கு?" என்றார் மாமி. விரல்கள் உள்ளே என்ன செய்தன என்று எங்களுக்குத் தெரியவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு ஆண்பிள்ளைகள், மூச்சுவிடாமல்.

பூட்டு ஒரு குருவிச் சத்தம் கொடுத்தது.

சுந்தரராமன் முன்னால் வந்தார். ரகசிய எண்ணை மற்றவர் பார்க்காதபடி கொத்தமல்லிக் கட்டால் மறைத்துக்கொண்டு அழுத்தினார். அது அவர் அமெரிக்காவில் பட்டம் வாங்கிய வருஷம் என்பது தேனாம்பேட்டை ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். கதவு திறந்தது. மாமி எங்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். ஜவஹர் கடைசியாக உள்ளே வந்தார். வாசலில் குனிந்து, மொசைக் தரையில் கிடந்த மூடியை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

பருப்பு அடிப்பிடிக்கவில்லை, கரைந்து காணாமல் போயிருந்தது. சாம்பார் பிரமாதம். இட்லியைப் பிட்டுத் தின்றபடியே ஜவஹர் இடது கையால் அந்த மூடியைத் தம் சிகரெட் பெட்டியின் விளிம்பில் மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். எம்.டி. பூட்டின் எதிர்காலம் பற்றி, அடுத்த நூற்றாண்டு பற்றி, கோலாலம்பூர் பற்றிப் பேசினார். என் காதில் எதுவும் விழவில்லை.

"நாப்பத்தெட்டு வீடு" என்றார் ஜவஹர் நடுவில். "நாப்பத்தெட்டுலயும் ஒரு ப்ரீஃப்கேஸ் வரும். நாலு செல்லையும் ஒரே பக்கமா நிக்க வெக்க முடியாதாங்க? எப்பிடி சொன்னாலும் ஜனங்க அப்பிடித்தான் போடப்போவுது."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றுவிட்டு ஒன்று திருப்பினால் கம்பி மிச்சம், இடம் மிச்சம், உலகம் முழுக்க அப்படித்தான் என்றெல்லாம் சொல்வதற்கு. அதற்குள் அன்வர் பாஷா, தட்டில் மிச்சமிருந்த சாம்பாரில் விரலைத் தொட்டு நாலு கோடு கிழித்தார். பிறகு ஒரு கோட்டின் காலிலிருந்து அடுத்த கோட்டின் தலைக்குச் சாய்வாக ஒரு இழுப்பு.

"இப்பிடி ஒரு பித்தளைப் பட்டை ஏத்துனா போச்சு. அரை நாள் வேலை. நாலு பேரும் நிமிந்து நிப்பானுங்க. குறியும் தேவல்ல ஒண்ணும் தேவல்ல."

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாக இருந்தது. இருட்டில், அவசரத்தில், கண்ணாடி போடாமல், யார் போட்டாலும் தப்பாகப் போட முடியாத டப்பா. பதினான்கு மாதமாக நான் தேடியது, ஒரு வாஸ்துக்காரரின் உளறலிலிருந்து இறங்கி வந்து சாம்பாரில் கிடந்தது. எரிச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ இன்னும் இரண்டு இட்லி சாப்பிடலாம் போலிருந்தது.

"நான் நேத்திக்கே அதைத்தான் பண்ணினேன்" என்றார் சுந்தரராமன். யாரும் மறுக்கவில்லை. மாமி மட்டும், அவர் கையிலிருந்து வளையல்களை வாங்கிக்கொள்ளும் சாக்கில், "ஆமாம், பண்ணினேள்" என்றார்.

ஜவஹர் கை கழுவிவிட்டு வந்து, "பாக்கலாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை எம்.டி. கார் வரைக்கும் கூடப்போய் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நாலு முறையும் அதே சொல்தான் வந்தது. கார் கிளம்பித் தெரு திரும்பியது.

"சார்" என்றார் அன்வர் பாஷா, நிலைச்சட்டத்தின் பக்கத்தில் நின்று. "மூடியக் காணோம். சட்டைப் பையில போட்டுக்கினு போய்ட்டாரு."

போய்ப் பார்த்தேன். டப்பா திறந்து கிடந்தது. உள்ளே நாலு செல்லும், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்துமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. தெருக்கோடியில், சிக்னலுக்கோ மாட்டுக்கோ, ஜவஹரின் கார் நின்றிருந்தது. அதன் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய ஒரு கையின் கட்டைவிரல் எதையோ தள்ளித் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்க வழியில்லை. எனக்குக் கேட்டது.