ஒன்பதாவது கேசட்

மகள் போனில் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அப்பா, அம்மா குரல் மறந்துக்கிட்டே வருதுப்பா. முகம் இருக்கு, குரல்தான் வர மாட்டேங்குது. நேத்து பஸ்ல உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

மனைவி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இதுக்குப் போயா கவலைப்படறே? பதினோரு கேசட் இருக்கு. நீ தத்தித் தத்தி நடந்ததுல இருந்து பள்ளிக்கூடம் முடிச்சது வரைக்கும் எடுத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும் டிவிடியில போட்டு அனுப்பறேன். போதும் போதும்னு ஆயிடும் பாரு."

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அறுந்த கேபிளையும் எரிந்த மோட்டாரையும் பார்த்த கைக்கு ஒரு வீடியோ கேமரா எம்மாத்திரம்? பரணிலிருந்து கேமராவை இறக்கினார். கேசட் போடும் மூடி திறக்க அடம் பிடித்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் காட்டியதும் வழிக்கு வந்தது. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே செருக, விரல் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. முதல் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் நாள் சத்தம் வந்தது, படம் நீலமாக நின்றது.

"மாடி மாடியா ஏறி இறங்கினவன், இப்ப ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்று மகளிடம் சொன்னார். அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து வந்தன.

இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் கம்ப்யூட்டருக்குள் போக ஒரு மணி நேரம் ஆகும். விட்டுவிட்டுப் போனால் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலையில் இருந்தபோது ஒவ்வொரு லிஃப்டுக்கும் குறிப்பு எழுதிய பழக்கம் விடவில்லை. ஒரு நோட்டில் கேசட் எண், எத்தனையாவது நிமிடம், என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தார்.

முதல் கேசட்டில் மகள் கூடத்தில் நடந்து வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். அவளைத் தூக்க ஒரு கை நீண்டது. உடனே அவருடைய குரலே காதைப் பிளந்தது.

"ஏய், நகரு! மறைக்காதே!"

கை பின்வாங்கியது. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன அதட்டல் அப்பா! இளரத்தம்.

கேமரா வந்த புதிதில் அவர் அதை யாரையும் தொட விட்டதில்லை. "அது என் சக்களத்தியாச்சே, நான் தொடுவேனா?" என்பாள் மனைவி.

இரண்டாவது கேசட்டில் கடற்கரை. மகள் மணலைத் தோண்ட, பக்கத்தில் மனைவி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நண்டு ஒன்று வீட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இதோ, இந்தக் குரல்தானே மகள் கேட்டது? ஒலியைக் கூட்டினார்.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன். அலைச் சத்தமே கேட்க மாட்டேங்குது" என்றார் கேமராவுக்குப் பின்னால் இருந்த அவர்.

நண்டு வீடு போய்ச் சேரவில்லை. அடுத்த நாற்பது நிமிடமும் அலைதான் கேட்டது.

அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கேசட்டுகளில் மகள் சைக்கிள் ஓட்டினாள், பல் விழுந்த வாயைக் காட்டினாள், பரிசு வாங்கினாள். மனைவியின் குரலே இல்லை. உற்றுக் கேட்டபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் நொடியில் அவள் பேச்சின் வால் ஒன்று கேட்டது: "...சொன்னேன்ல", "...எடுத்து வை". கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லாமலே பழகிக்கொண்டிருக்கிறாள்.

நோட்டில் அவர் எழுதியிருந்தது: மூன்று, பன்னிரண்டாம் நிமிடம், முதுகு. நான்கு, முப்பதாம் நிமிடம், நிழல். ஆறு, எட்டாம் நிமிடம், தோளும் காதும். மூன்று இடத்திலும் அவர் குரல் இருந்தது. நகரு. மறைக்காதே. அறிவிருக்கா உனக்கு?

"எப்படிப்பா போகுது?" என்று மகள் கேட்டாள்.

"போகுது, போகுது" என்றார்.

ஒன்பதாவது கேசட்டின் கடைசியில், கேமராவை அணைக்க மறந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படத்தில் நாற்காலியின் கால் ஒன்றும், தரையில் கொஞ்சம் வெயிலும் மட்டும். ஓட்டிவிடலாம் என்று கை போனது. அப்போது சமையலறையிலிருந்து சிரிப்பு கேட்டது. மனைவியும் அவள் தங்கையும்.

"புள்ளைய எடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா பின்னாடி யாராவது இதைப் போட்டுப் பார்த்தா, இந்த வீட்டுல அவரும் புள்ளையும் மட்டும்தான் குடியிருந்தாங்கன்னு நினைப்பாங்க" என்றாள் மனைவி.

"நீ பாட்டுக்குப் போய் நடுவுல நிக்க வேண்டியதுதானேக்கா?"

"நிக்காமலா? மூணு தடவை நின்னேன்டி. வேணும்னே போய் நின்னேன். மூணு தடவையும் விரட்டிட்டார்."

இருவரும் சிரித்தார்கள். பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு மனைவி வாசல் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "பட்டூ... ஏ பட்டூ, சாப்பிட வா." இரண்டாவது 'பட்டூ' கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது.

பதினான்கு நிமிடம் ஓடிக் கேசட் தானாக நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தார். முதுகு, நிழல், தோளும் காதும். பேனாவை மூடி வைத்தார்.

டிவிடி போடும்முன் தேவையில்லாததை வெட்டலாம், ஒலியை மட்டும் அணைக்கலாம் என்று கம்ப்யூட்டர் காட்டியது. இரண்டு நாள் அதில்தான் உட்கார்ந்திருந்தார். 'மறைக்காதே' வரும் இடத்தில் தன் குரலை அணைத்துப் பார்த்தார். அதோடு ஒட்டிக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று அவள் விலகிப் போன சத்தமும் அணைந்தது. இருந்ததே அவ்வளவுதான், அதையும் எப்படி எடுப்பது? திரும்பப் போட்டார். கடற்கரையில் தான் சொன்னதை வெட்டினார். வெட்டினால் அவளே பாதியில் கதையை மறந்துவிட்டது போல இருந்தது. அதையும் திரும்பப் போட்டார்.

முடிவில் எதையும் வெட்டவில்லை. பதினோரு கேசட்டும் பதினோரு டிவிடி. மனைவி இருக்கும் இடங்களை மட்டும் சேர்த்துப் பன்னிரண்டாவதாக ஒன்று. மொத்தம் பத்தொன்பது நிமிடம் வந்தது. அதில் பதினான்கு நிமிடம் நாற்காலிக் கால். தபாலில் அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து மகள் பேசினாள்.

"பார்த்தேன்பா."

"ம்."

"பட்டூன்னு கூப்பிட்டாங்க."

"ம்." போனை மறு காதுக்கு மாற்றினார். "நான் அப்படியெல்லாம் பேசியிருக்கக் கூடாதும்மா. கேட்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது."

கோபித்துக்கொள்வாள், இல்லையென்றால் போகட்டும் விடுங்கப்பா என்பாள் என்று எதிர்பார்த்தார்.

"எனக்குத் தெரியும்பா. நானும் அந்த வீட்டுலதானே இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சித்திக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க."

மறுநாள் மத்தியானம் மச்சினி வீட்டுக்குப் பஸ் ஏறினார். இறுதிச் சடங்குக்குப் பிறகு அங்கே போனதே இல்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள், டிவிடியை வாங்கிப் போட்டாள், தரையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். தன் சிரிப்பும் அக்காவின் சிரிப்பும் சேர்ந்து வந்த இடத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், அக்கா இருந்தப்ப இதை ஒரு தடவைகூட போட்டுப் பார்க்கலையா?"

"இல்லம்மா" என்றார். "பார்க்கல."