நாலாவது மூலை

ஐந்தரைக்கு எழுந்தான் றெஜி. கிணற்றில் இரண்டு வாளி அள்ளி முகம் கழுவினான். சவரம் செய்தான். நேற்றைய பாணை வெறும் கோப்பியில் தோய்த்துத் தின்றான். கட்டில் விரிப்பில் தான் படுத்த பக்கத்தை மட்டும் இழுத்து விட்டான். வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரிக்கு லீவு எழுதி அனுப்பியிருந்ததால் கழுத்துப்பட்டி தேவைப்படவில்லை. ஆறரைக்கு, புளியந்தீவில் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த மாமனார் பேர்டியின் தச்சுப் பட்டறைக்குப் போய்க் கரியடுப்பை மூட்டினான். மரம் ஒட்டும் வச்சிரப் பசை உருகும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மனைவி கிளாறிஸ் காய்ச்சலில் செத்து, வருகிற திங்களோடு ஒரு வருடம். பூசை முடிந்து சனம் மாமி மியூரியலின் வீட்டுக்கு வரும்போது முன்னறையில், றெஜி செய்கிற தேக்குச் சட்டத்தில் அவள் படம் தொங்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு வழக்கம். செத்தவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் படச்சட்டத்தின் கீழ்க்கட்டையில் வெட்டி வைப்பார்கள். மியூரியலின் தகப்பன் படத்தில் ‘ஆண்டவரே, வருகிறேன்’ என்று இருக்கிறது. உண்மையில் மனிதர் சாராயம் கேட்டுத்தான் செத்தார் என்று, மனைவி தூரத்தில் நிற்கும்போது பேர்டி சொல்வார்.

கிளாறிஸின் சொல்லைக் கொடுத்தவன் றெஜி. சவ அடக்கத்தன்று மியூரியல் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “என்ட புள்ள கடைசியா என்ன சொன்னாள்?” என்று கேட்டாள். “அம்மா எண்டு கூப்பிட்டாள்” என்றான். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன பொய். அடுத்த ஞாயிறே அது அவன் கழுத்தைப் பிடித்தது. பிள்ளை அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறது. பெற்றவள் வாசல்வரை போயும் இவன் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறான். அனுப்பிவிட்டுப் பின்விறாந்தையில் மரம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். கோயில் முற்றத்தில் மியூரியல் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. திருப்பி அனுப்பியது உண்மை. மரம் ஒட்டியதும் உண்மை. அதனால் அவன் வாய் திறக்கவில்லை. இப்போது கோயிலில் அவன் உட்காரும் வாங்கில் வேறு யாரும் உட்காருவதில்லை. அந்தச் சொல்லை அவன் கையாலேயே தேக்கில் வெட்டிவிட்டால், அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் தலைமுறைக்கும் நின்று வாசிப்பார்கள். போன கிழமை பென்சிலால் ‘அ’ எழுதினான். பிறகு அதைச் சீவி எடுத்துவிட்டான்.

கொழும்பிலிருந்து தருவித்த நான்கு இரும்பு மூலைக் கிளாம்புகளை மேசையில் பரப்பினான். பேர்டி சுருட்டோடு வந்து நின்று பார்த்தார்.

“ஒண்ட சாமானப் பாத்தா பல்லுப் புடுங்கிற டொக்டர்ர பெட்டி மாதிரி இரிக்கு மனே. கயித்தச் சுத்தி ஒரு குச்சியால முறுக்கினா முடிஞ்சிது வேல.”

“கயிறு நாலு மூலையையும் ஒண்டா இழுக்கும் மாமா. ஒண்டு வழுக்கினா நாலும் கோணும். இது மூலைக்கு மூல தனிய நிக்கும்.”

“அப்ப ஒண்டு கோணினா மத்ததுக்குத் தெரியாது. நல்ல குடும்பந்தான்.”

அவரே சிரித்தார். பிறகு கீழ்க்கட்டையைப் புரட்டிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சரிவாக அறுத்த முனைகளில் றெஜி பசையைத் தடவினான். வச்சிரம் ஆறினால் பிடிக்காது. கை வேகம் வேண்டும். இரண்டு கட்டைகளையும் கிளாம்பின் மூலையில் பொருத்தி, இரும்பு தேக்கைக் கடிக்காமல் இடையில் மெல்லிய பலகைத் துண்டு செருகி, திருகுகளை மாறி மாறித் திருகினான். மூட்டின் ஓரத்தில் பசை மணி மணியாய்க் கசியும்வரைதான் இறுக்கலாம். அதற்கு மேல் போனால் எல்லாம் வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். மூன்று மூலை முடிந்தபோது மியூரியல் கறுப்பு உடுப்போடு உள்ளே வந்தாள். நேரே கீழ்க்கட்டையைப் பார்த்தாள்.

“என்ட புள்ளயிர சொல் எங்க?”

“வெட்டல்ல மாமி.”

“கழட்டு.”

“பச இறுகுது.”

“அண்டைக்கும் இதத்தானே செய்த? உள்ள புள்ள சாகுது, இவருக்குப் பச இறுகுது.” அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “இவன் வெட்டமாட்டான். ஊர் வாசிக்கும் எண்டு பயம். நான் அமிர்தகழி ஓடாவியக் கூப்பிட்டு வெட்டுவிப்பன்.”

“சும்மா இரி, மியூரியல்.”

“ஏன் சும்மா இரிக்கணும்? அவள் கூப்பிட்டது என்னைத்தான். அந்தச் சொல் எனக்குச் சொந்தம்.” விரலை றெஜியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். “ஒனக்கு ஒண்டுமில்ல. ஒனக்கு அவள் ஒண்டும் விட்டுப் போகல்ல.”

றெஜி நாலாவது மூலையைப் பொருத்தினான். இந்த மனுசி ஒரு வருடமாக அந்தச் சொல்லில்தான் உண்டு உறங்கியிருக்கிறாள். அதை எடுத்துவிட்டால் இவளிடம் என்ன மிஞ்சும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரக்கம் வரவில்லை. கோபமும் வரவில்லை. திருகைத் திருகினான். பசை மணியாய் வந்தது, பிறகு கோடாய் ஒழுகியது. இன்னும் ஒரு சுற்றுத் திருகினான்.

“அவள் அம்மா எண்டு கூப்பிடல்ல மாமி. அது நான் சொன்ன பொய்.”

“அப்ப என்னடா சொன்னாள்?”

பேர்டி வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். “வேணாம் மனே” என்றார்.

றெஜி கைகளைத் துணியில் துடைத்தான். கச்சேரியில் கடிதம் வாசித்துக் காட்டுகிற குரலில் சொன்னான்.

“நாலு மணி இரிக்கும். அவள் கூப்பிட்டாள் எண்டு பசக் கையோட உள்ள போனன். படலை திறக்கிற சத்தம் கேட்டுது. அவளுக்கும் கேட்டுது. என்ட கையப் புடிச்சிக்கொண்டு சொன்னாள். அதுக்குப் பிறகு அவள் ஒண்டும் பேசல்ல. நான் வாசலுக்கு வந்து, அவள் சொன்னதத்தான் உங்களுக்குச் சொன்னன்.”

றெஜி வெறுமையான கீழ்க்கட்டையைப் பார்த்தபடி அவள் சொல்லைச் சொன்னான்.

“‘அது அம்மா. நான் நித்திரை எண்டு சொல்லிடுங்க.’”