காதுக்கு ஒரு சொல்

புவனேசன் மலேசியாவின் கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் சீன மொழியான மேண்டரின் தெரிந்த ஒரே காரணத்தால் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள் என்ற ஆற்றாமை அவனுக்கு உண்டு. மகள் ஷாமளாவைச் சீனப் பள்ளியில்தான் சேர்ப்பது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்துவிட்டான். அவளுக்கு ஐந்து வயதானதும், லூனாஸ் கடைவீதியில் ரோனால்ட் என்பவர் நடத்தும் மொழி நிலையத்துக்கு அவனும் மனைவி உமாராணியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரோனால்ட் தமிழர்தான். பக்கத்தில் போனால் தலை வலிக்கும் அளவுக்கு வாசனை பூசியிருப்பார். பெற்றோர்களை உட்காரவைத்து, பிள்ளையின் மூளை ஒரு கிளாஸ் மாதிரி என்றார். அதில் தமிழ் நிறைந்திருந்தால் மேண்டரினுக்கு இடம் ஏது? வீட்டில் தமிழை நிறுத்த வேண்டும், மலாயும் கூடாது.

"பிள்ள தமிழ்ல ஏதாச்சும் கேட்டா, காதுல விழாத மாதிரி இருங்கக்கா. வேற வழி இல்லனு தெரிஞ்சா மேண்டரின் தானா வந்துரும்லா."

உமாராணி கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், இப்போது கடை வேலையில் ஆங்கிலமும் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு கொஞ்சமும். அவள் தலையிலிருந்து எதுவும் வழிந்து கீழே கொட்டவில்லை. அதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். சுற்றிலும் எல்லாப் பெற்றோரும் தலையாட்டிக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீடு ஊமையாகிவிட்டது. புவனேசனுக்கும் உமாராணிக்கும் கைப்பேசியில் பார்த்துக் கற்ற சில சொற்கள்தான் தெரியும். சாப்பிடு, தூங்கு, நல்லது. ஷாமளா பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றித் தமிழில் சொல்ல வந்தால் இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவள் அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பிள்ளை பேசுவதே இல்லை என்று உமாராணி போய்ச் சொன்னபோது, அது நல்ல அறிகுறி, மொழி உள்ளே இறங்குகிறது என்றார் ரோனால்ட்.

ஒரு நாள் மாலை ஷாமளா காதைப் பொத்திக்கொண்டு வந்து, "காது வலிக்குதும்மா" என்றாள். உமாராணி குனியப் போனாள். புவனேசன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வகுப்பில் பட அட்டை காட்டிச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காதைத் தொட்டு, "எர்துவோ" என்றது.

காது என்பதற்கு மேண்டரின் சொல். புவனேசன் துள்ளி எழுந்து கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கினான். மறுபடி சொல்லச் சொன்னான். கண் கலங்க அவள் மறுபடி சொன்னாள். இருவரும் கைதட்டினார்கள். ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்கள். அவளுக்கு வலிக்கு என்ன சொல் என்று தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. புவனேசன் அனுப்பிவைத்த அந்த வீடியோ மறுநாள் ரோனால்டின் முகநூல் பக்கத்தில் விளம்பரமாக வந்திருந்தது.

அதன் பிறகு ஷாமளா சரியாகச் சாப்பிடவில்லை. அடம் என்று நினைத்தார்கள். ஒரு காலையில் படுக்கையைத் தட்டும்போது உமாராணிக்கு ஏதோ நாறியது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் தேடினாள். நாற்றம் தலையணையில் இருந்தது. உறையில் மஞ்சளாகத் திட்டு. ஷாமளாவின் காதிலிருந்து சீழ் வழிந்து முடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா தமிழில்தான் கேட்டார். ஷாமளா பதில் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஏன் உங்க மூஞ்சியப் பாக்குறா?"

உமாராணி தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது, பெரும்பாலும் ஆறிவிடும், மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கடைசியில், "வலின்னு சொல்ல ஒரு மொழியும் இல்லாம பண்ணிட்டீங்களேம்மா" என்றார்.

அங்கிருந்து உமாராணி பிள்ளையோடு நேராக ரோனால்டிடம் போனாள். அவர் உச்சுக் கொட்டினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஆனா பாருங்கக்கா, அவ்ளோ வலியிலயும் மேண்டரின்தான் வந்திருக்கு. இத நீங்களே ஒரு வீடியோல பேசிக் குடுங்களேன். மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்."

அவர் பூசியிருந்த வாசனை, மூக்கிலேயே நின்றிருந்த சீழ் நாற்றத்தோடு கலந்தது. இந்த வாய் சொன்னதையா குரு வாக்காக நம்பினோம் என்று உடம்பு கூசியது. வீடியோவை எடுக்கச் சொன்னாள். நிறையப் பேர் லைக் போட்டிருக்கிறார்களே என்று அவர் இழுத்தார். அவள் மாடிப்படியில் நின்றபடியே அந்த வீடியோவின் கீழே எழுதினாள்: 'இது மொழி இல்லை. என் மகள் காது வலிக்கிறது என்று அழுகிறாள். நாங்கள் கைதட்டுகிறோம்.' அதை அழித்தார்கள். மறுபடி எழுதினாள். சாயங்காலம் வீடியோவே காணாமல் போனது.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ நல்ல தாயா என்று அவளைக் கேட்டவர்கள் உண்டு. நவமணி என்றொருத்தி மட்டும் தனியாக அழைத்து, தன் மகனும் இப்போது வாயே திறப்பதில்லை என்று சொல்லி அழுதாள்.

புவனேசனுக்குக் கோபம். தொழிற்சாலையில் எல்லாரும் படித்துவிட்டார்களாம், மானம் போய்விட்டதாம். காது ஆறியதும் கூலிமில் வேறு மொழி நிலையம் பார்க்கலாம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவன் வாய் அசைவதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவனோடு சேர்ந்து தட்டிய தன் கைகளும் அப்படித்தான் இருந்தன.

"இனிமே அவ எந்த மொழில கூப்ட்டாலும் நீங்க திரும்பிப் பாக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க, நான் அவளத் தூக்கிட்டுக் கரங்கானுக்குப் போயிடுறேன்."

அவன் சோற்றைத் தொடர்ந்து பிசைந்தான். ஆனால் அடுத்த முறை ஷாமளா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் போல, "அப்பா, தண்ணி" என்றபோது எழுந்து போய் எடுத்து வந்தான்.

காது ஆறிய பின் சேர்த்த சீனப் பாலர் பள்ளியில் பக்கத்து நாற்காலிப் பெண்ணோடு விளையாடி, சண்டை போட்டு, ஷாமளா மேண்டரின் பேசத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சண்டைகளைத் தமிழில் ஒப்பிப்பாள். ஒன்றை ஒன்று வெளியே தள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனேசனின் நண்பர் டெஸ்மண்ட் வந்திருந்தார். ஷாமளா மேண்டரின் பேசுவதைக் கேட்டு வியந்தார். எல்லாம் ரோனால்ட் போட்ட அடித்தளம் என்றான் புவனேசன், கூசாமல். தன் மகனையும் அங்கே சேர்க்கலாமா என்று டெஸ்மண்ட் கேட்டார்.

சமையலறையில் இருந்த உமாராணிக்கு அது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, கணவனின் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணே, இவரு சொல்றதக் கேக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன்."