உட்காரும் உரிமைக்கு ஒரு சீட்டு

மேலக்கரடு வட்டாட்சியர் அலுவலகத்தில் லஞ்சத்தைப் பணமாக வாங்குவதில்லை. ஆளுக்கு ஓர் உரிமையாக வாங்குவார்கள். பட்டா மாறுதலுக்கு நிழலில் ஒதுங்கும் உரிமை, வாரிசுச் சான்றுக்கு ‘ஏன்’ என்று கேட்கும் உரிமை, வருமானச் சான்றுக்கு உட்காரும் உரிமை. உட்காரும் உரிமை என்று அரசியலமைப்பில் தனிப் பிரிவு கிடையாது. ஆகவே அதைக் கைமாற்றுவதில் சட்டச் சிக்கல் எதுவும் எழவில்லை. குந்துவது இதில் சேராது. அதற்குத் தனி மனு.

தையற்காரி வடிவம்மாள் திங்கட்கிழமை தன் உட்காரும் உரிமையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கணவர் சங்கரலிங்கத்துக்கு அரசு மருத்துவமனையில் சிறுநீரகக் கல் எடுக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். சான்று வந்தது, அவருக்குப் படுக்கையும் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை தையல் இயந்திரத்தின் முன் உட்காரப் போனாள். முக்காலி மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது. தரையில் உட்காரப் பார்த்தாள். தரையும் சற்றுக் கீழே இறங்கிக்கொண்டது. நின்றபடி மிதித்தால் அந்த இயந்திரம் ஒப்பாது. வெட்டிவைத்த பள்ளிச் சீருடைகள் குவியலாகக் கிடந்தன. அவற்றைத் தைத்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

புதன்கிழமை அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் குலசேகரன் மூன்று நாற்காலிகளில் ஒரே சமயத்தில் அமர்ந்திருந்தார். உட்காரும் உரிமை அவரிடம் அவ்வளவு சேர்ந்திருந்தது.

“சார், நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்க.”

“நீ என்னத்தம்மா கொடுத்தே?”

வடிவம்மாள் சீட்டை நீட்டினாள். அவள் கடையில் எது கைமாறினாலும் சீட்டு உண்டு. அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணியையும் அதில் குண்டூசியால் குத்தியிருப்பாள். திங்கட்கிழமையும் பழக்கதோஷத்தில் ‘உட்காரும் உரிமை, ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதி, முந்தானை ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் குத்தி, மனுவோடு நீட்டியிருந்தாள். மனுவோடு வருகிற எதன் மீதும் முத்திரை குத்துவது குலசேகரனின் பழக்கதோஷம். குத்தி அவளிடமே திருப்பித் தந்த சீட்டில் ‘பெறப்பட்டது’ என்று ஊதா மையில் தெளிவாக விழுந்திருந்தது. தபால் எண்ணும் இருந்தது.

“இதுக்கெல்லாமா சீட்டு போடுவாங்க?”

“ரவிக்கைத் துணிக்கே போடுறேன். இது என்ன, அதைவிடக் கிழிசலா?”

“முத்திரை யாரு குத்துனா?”

“உங்க கைதான். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

குலசேகரன் தன் வலது கையைக் கேட்டார். அது ஒப்புக்கொண்டது.

விஷயம் வட்டாட்சியர் அம்மையாரிடம் போனது. அவர் சீட்டை இரண்டு பக்கமும் வாசித்தார். கட்டண அட்டவணையில் இல்லாத எதைப் பெற்றிருந்தாலும் அன்றே திருப்பித் தரவேண்டும் என்பது விதி. பெற்றதற்கு இதுவரை ஒரு தாளும் இல்லாததால் விதிக்கு வேலை இருந்ததில்லை.

“நம்பர் விழுந்துடுச்சே, குலசேகரன்,” என்றார் வருத்தத்துடன். “இனிமே நானே நினைச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது.”

வராந்தாவில் நின்றிருந்தவர்கள் இதைக் கேட்டார்கள். மனுவின் ஓரத்தைக் கிழித்து ஆளுக்கொரு சீட்டு எழுதத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் உள்ளே நீண்டிருந்த கைகள் தாமாகவே சட்டைப்பைக்குள் போய்விட்டன.

குலசேகரன் பீரோவைத் திறந்தார். வாங்கிய உரிமைகள் பெயரில்லாமல் குவிந்திருந்தன. மேலாக இருந்த ஒன்றை எடுத்தார்.

“இது என்னோடதுதானா?”

“உட்கார்றதுல என்னம்மா உன்னோடது, என்னோடது? எல்லாம் ஒண்ணுதான்.”

வீட்டுக்கு வந்து முக்காலியை இழுத்தாள். அது நகரவில்லை. உட்கார்ந்தாள், முழங்காலிலிருந்து இரண்டு நாள் வலி இறங்கியது. சீருடை ஒன்றை எடுத்து ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள்.

வீடு லேசாகக் குலுங்கித் தெருவை விட்டுக் கிளம்பியது. குலசேகரன் எடுத்துக் கொடுத்தது ஒரு டவுன் பஸ் ஓட்டுநருடையது. தேரடியில் வீடு நின்றது. ஏழு பேர் ஏறினார்கள்.

“பெரியாஸ்பத்திரி போகுமா?” என்று கேட்டார் கடைசியாக ஏறியவர்.

“அங்கதான் போறேன். படியில நிக்காம உள்ள வாங்க,” என்றாள் வடிவம்மாள், காலரைத் திருப்பி வைத்தபடி.