ஐந்தாவது இன்னிங்ஸில் வந்த போன்

ஆர்லன் பெக் போன மாதம் போனில் கூப்பிட்டான். அவன் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு அவன் பெயரை வைக்கப் போகிறார்களாம். விழாவில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"வேற யாரு இருக்காங்க டீட்ஸ்? அன்னைக்கு எனக்கு எதிர்ல உட்கார்ந்து பந்து பிடிச்சவன் நீதானே. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

வரமாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. முட்டி வலி என்றிருந்தால் நம்பியிருப்பான். பதினான்கு வருஷம் பேஸ்பால் ஆட்டத்தில், அடிக்கிறவனுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்து பிடித்தவனுக்கு முட்டி என்று ஒன்று மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு நானூறு மைல் போனேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

ஆர்லன் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன்; ஆனால் நாட்டின் உச்ச அணிகள் ஆடுகிற பெரிய லீகில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டு வந்தவன், பதினொரு வருஷம் சின்ன லீகுகளிலேயே கிடந்தான். பஸ்ஸில் எட்டு மணி நேரம், ஆட்டம், மறுபடி பஸ். சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாது. குளிர்காலத்தில் மாமனாரின் மரக்கடையில் பலகை தூக்குவான். ஒரு வருஷம் பெரிய லீக் அணியின் வசந்தகாலப் பயிற்சிக்கு மேலே கூப்பிட்டார்கள். கடைசி நாள்வரை வைத்திருந்து, பட்டியல் ஒட்டும் காலையில் பையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவன் அழவில்லை. எனக்குத்தான் எவனையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரே ஒரு நாள், பெரிய மைதானத்தில், பிட்சர் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். "ஒரு பந்து போட்டாப் போதும்டா, ரெக்கார்டு புத்தகத்துல பேர் ஏறிடும். அப்புறம் என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளட்டும்" என்பான்.

எண்பத்தேழாம் வருஷம் ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கால்டன் மில்லர்ஸ் எங்கள் அணி. பெரிய லீகுக்குப் போக ஒரே ஒரு படிதான் பாக்கி. அவனுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு முப்பத்திரண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். என் கதை முடிந்துவிட்டது என்று எனக்கே தெரியும். அவனுடைய கதை அந்த வருஷம் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவன் கையில் என்ன புகுந்ததோ, பந்து சொன்னபடி கேட்டது. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்தபோது, எதிரணியில் ஒருத்தன்கூடப் பந்தைச் சரியாக அடித்து ஓடவில்லை, ஒரு ஹிட்கூட இல்லை.

ஒன்பதும் அப்படியே முடிந்தால் அது நோ-ஹிட்டர், பெயர் ரெக்கார்டில் நிற்கும். எங்கள் விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. இப்படி ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கிற பிட்சரோடு யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. பேசினால் கண் பட்டு, அடுத்த பந்தே அடி வாங்கும். மீசை முளைத்த ஆம்பளைகள், வேறு எதையும் நம்பாதவர்கள்கூட, இதை மட்டும் வேதமாக நம்புவார்கள். பெஞ்சின் ஒரு கோடியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்ற இருபது பேரும் மறுகோடியில் நெருக்கியடித்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது க்ளெம் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். க்ளெம் எங்கள் மேனேஜர். உள்ளே, சட்டை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"டேய் டீட்ஸ், மேலருந்து போன் வந்துது. அவங்க பிட்சர் ஒருத்தன் கணுக்காலை ஒடைச்சிக்கிட்டானாம். செவ்வாய்க்கிழமை ஆர்லன் அங்க ஆடணும். இப்பவே ஆட்டத்துலருந்து எறக்கி உட்கார வை, கையை மிச்சப்படுத்துங்கறாங்க."

"அவன்கிட்டச் சொல்லுங்க கோச்" என்றேன்.

"நானா? நோ-ஹிட்டர் போயிட்டிருக்கும்போது போய் வாயைத் தொறக்கறதா? என் ஜென்மத்துல செய்ய மாட்டேன். நீ அவன் ரூம்மேட். நீ சொல்லு. போதும்னு சொன்னான்னா எறக்கிடறேன். ஆடறேன்னான்னா ஆடட்டும், மேல நான் பேசிக்கறேன். அவன் கை, அவனே முடிவு பண்ணட்டும்."

வெளியே வந்தேன். ஆர்லன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தடி தூரம். போய், "செவ்வாய்க்கிழமை மேலே ஆடப் போறேடா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் போகவில்லை. பழக்கத்துக்குப் பயந்துதான் போகவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். பந்து பிடிக்கிறவனுக்கும் அந்த ஆட்டத்தில் பங்குண்டு. எந்தப் பந்து போடுவது என்று விரலால் காட்டுகிறவன் அவன்தான். பதினான்கு வருஷத்தில் என் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறியதில்லை. சொன்னால் அவன் இறங்கிப் போய்விடுவான், எனக்கு ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. ஒரு ஆட்டம்தானே, அவன் கை தாங்கும் என்று நினைத்தேன்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் க்ளெம் என் காதோரம் வந்து கேட்டார், "சொன்னியா?"

"சொன்னேன். ஆடறேங்கறான்."

க்ளெம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நெஞ்சழுத்தக்காரன்" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது.

ஏழாவதில் பந்தின் வேகம் குறைந்தது. கையுறையில் வந்து விழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் விரல்களை உதறிக்கொண்டான். வேகம் இல்லையென்றால் அடித்துவிடுவார்களே என்று நான் திரும்பத் திரும்ப இரண்டு விரலைக் காட்டினேன். அதாவது ஸ்லைடர். கடைசி நொடியில் முறுக்கிக்கொண்டு விலகும் பந்து. முழங்கையைத் தின்கிற பந்தும் அதுதான். ஒரு தடவைகூட அவன் மாட்டேன் என்று தலையாட்டவில்லை. நான் காட்டினேன், அவன் போட்டான்.

ஒன்பதாவதில் கடைசி ஆள். நூற்று முப்பத்தொன்றாவது பந்து. ஸ்லைடர் காட்டினேன். பந்து வந்தது, அடிக்கிறவன் மட்டையைக் காற்றில் வீசினான், ஆட்டம் முடிந்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆர்லன் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். அதற்குள் எல்லோரும் அவன்மேல் விழுந்து குவிந்துவிட்டார்கள். "கையை விடுங்கடா, கை, கை" என்று அடியிலிருந்து கத்தினான். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் ஏறி விழுந்தார்கள்.

சிகிச்சை அறையில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்தவனிடம், அவனுக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பில், க்ளெம் சொன்னார். "மேலருந்து உன்னைக் கேட்டாங்களேடா, செவ்வாய்க்கிழமைக்கு. நான் போய்ச் சொல்லிடறேன், முடியாதுன்னு." அவர் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆர்லன் அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தியாடா டீட்ஸ்? இந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டு ஒடனே கூப்பிட்டிருக்காங்க!"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

முழங்கைத் தசைநார் அறுந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், இரண்டு வருஷம் காத்திருந்தான். வேகம் திரும்பவில்லை. முப்பத்தொரு வயதில் அணியைவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போய் டிராக்டர் பாகங்கள் விற்கும் கடையில் நின்றான். க்ளெம் அந்தக் குளிர்காலமே மாரடைப்பில் போய்விட்டார். ஆக, உண்மை தெரிந்தவன் பூமியில் நான் ஒருவன்தான். இருபத்தாறு வருஷம்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் மனைவி நடீன் இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும் செய்திருந்தாள். ஆர்லன் இடது கையால் முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட விடாமல் பேசினான்.

"நாளைக்கு நீ முக்கியமாச் சொல்ல வேண்டியது அந்த போன். கடைசிப் பந்து முடியுது, ஒடனே போன் அடிக்குது, அப்படிச் சொல்லு. அந்த ஆட்டம் மட்டும் இல்லேன்னா என்னை எவன் கூப்பிட்டிருப்பான்? கை போச்சு, சரி. ஆனா கூப்பிட வெச்சேன்ல?"

நானூறு பேர் முன்னால் நின்று அதைச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். தட்டை நகர்த்தி வைத்தேன்.

"ஆர்லன், போன் ஆட்டம் முடிஞ்சு வரல" என்றேன். "அஞ்சாவது முடிஞ்சதும் வந்தது. அவங்களுக்கு நோ-ஹிட்டர் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது. உன்னைத்தான் கேட்டாங்க. சும்மாவே கேட்டாங்க."

அவன் கரண்டியை வைத்தான். திட்டுவான், எழுந்து வருவான் என்று காத்திருந்தேன். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

"நெசமாவா? ஆட்டத்துக்காக இல்லையா? என்னையேவா?" நடீன் பக்கம் திரும்பினான். "கேட்டியா நடீன்? நான் அதுக்கு முன்னாடியே தேறிட்டேன்! பதினோரு வருஷம் போட்டதைப் பாத்து, அதுக்காகக் கூப்பிட்டிருக்காங்க!"

நடீன் அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்புறம் ஏன் மீதி நாலு இன்னிங்ஸும் போட்டீங்க?"

"எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலையே" என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்படா தெரியும்?"

"அஞ்சாவது முடிஞ்சப்பவே. உன்கிட்டச் சொல்லச் சொல்லி க்ளெம் என்னை அனுப்பினாரு. நீ போதும்னா எறக்கிடறேன்னாரு."

"நீ சொல்லலை."

"சொல்லலை."

"க்ளெம் கேட்கலையா?"

"கேட்டாரு. 'சொன்னேன், ஆடறேங்கறான்'னு அவர்கிட்டச் சொல்லிட்டேன்."

அவன் கோபப்படவில்லை. யாரோ ஒருவரின் சட்டையைக் காட்டி உன்னுடையதுதானே என்று கேட்டால் விழிப்போமே, அப்படி என்னைப் பார்த்தான்.

"நான் அப்படிச் சொல்லலையே, டீட்ஸ்" என்றான்.